அக்காவின் கையும் ஆங்கிலத்தின் 'ஹேண்டும்'

2009-இல் பினாங்கு லெபோ பந்தாயில், கப்பல் சரக்குகளுக்கான பத்திரங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் கிராணி வேலையில் இருந்தேன். எங்கள் மாடியைக் கூட்டித் துடைப்பதும் எல்லோருக்கும் தேநீர் கலக்குவதும் ஓர் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியவர். பட்டர்வொர்த்திலிருந்து முதல் ஃபெர்ரிகளில் ஒன்றைப் பிடித்து வந்துவிடுவார். ஃபைல் கட்டு சரிந்தால், நாங்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவர் அடுக்கி முடித்திருப்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. என் பக்கத்து மேசை மலாய்த் தோழி அவரைப் பார்க்கும்போதெல்லாம், "காக் நி ரிங்ஙான் தாங்ஙான் பெத்துல்" என்பாள். ரிங்ஙான் என்றால் கனமில்லாதது, தாங்ஙான் என்றால் கை. கேட்காமலே உதவ வருகிறவரை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த வருடக் கடைசியில் துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விட்டார்கள். அக்காவுக்கு வேலை போனது. தீவிலேயே ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு மனு செய்தார். அங்கே நற்சான்றுக் கடிதம் கேட்டார்கள். முதலாளி என்னை எழுதச் சொல்லி, தான் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

எனக்கு அக்காமேல் இருந்த அன்பையெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் கொட்டினேன். நேர்மையானவர், நேரம் தவறாதவர் என்று எழுதியபின் அந்த 'ரிங்ஙான் தாங்ஙான்' நினைவுக்கு வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன? 'லைட்' சரி. 'ஹேண்ட்' கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரிந்தது. எங்கோ படித்த 'லைட்-ஃபிங்கர்ட்' என்ற சொல் மனத்தில் கிடந்தது. விரல்கள் லேசானவை, சுறுசுறுப்பானவை என்று நானே பொருள் கொண்டு எழுதிவிட்டேன். முதலாளி மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

நாலாம் நாள் அந்த ஹோட்டலின் பணியாளர் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமில்லை, குழப்பம்தான். "முதலில் நேர்மையானவர் என்கிறீர்கள், அதே வரியில் திருட்டுக் கை என்கிறீர்கள். எதை நம்புவது?" என்று கேட்டார்.

'லைட்-ஃபிங்கர்ட்' என்றால் சின்னச் சின்னப் பொருள்களைத் திருடுகிறவர். பிறர் பொருள்கள் கிடக்கும் அறைக்குள் தனியாகப் போய் வேலை செய்யவேண்டிய ஒரு பெண்ணைப் பற்றி நான் அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குள் அக்கா இரண்டு முறை அங்கே போய்த் திரும்பியிருந்தார். "வயசு பாக்குறாங்க போல" என்று என்னிடமே சொல்லியிருந்தார்.

அந்த அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னேன். வேறு கடிதம் எழுதி அனுப்பச் சொன்னார். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அன்றிரவு ஒரு புது நோட்டுப் புத்தகம் எடுத்து, இரண்டு கோடு கிழித்து, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பத்தி பிரித்தேன். ஒரே ஒரு சொல்லோடு தொடங்கினேன். கை.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், மலாய்வழிப் படிப்புக்குத் தயார்செய்யும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம், பிறகு மலாயில் இடைநிலைப் பள்ளி என்று படித்து வந்தவர்களுக்கு மூன்று மொழியும் வாயில் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு சொல் தட்டினால் மூளை உடனே தமிழையோ மலாயையோ எடுத்து நீட்டும். பாதி நேரம் அது சரியாகவே இருப்பதுதான் ஆபத்து. மலாயில் 'பாஞ்சாங் தாங்ஙான்', நீண்ட கை, என்றால் திருடன். தமிழிலும் கை நீளம் என்கிறோம். மலாயில் 'சூச்சி தாங்ஙான்', தமிழில் கைகழுவுதல், ஆங்கிலத்தில் 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்'. பைபிளில், மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில், பிலாத்து கூட்டத்தின்முன் தண்ணீர் எடுத்துக் கை கழுவி, இந்த இரத்தப்பழிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்கிறான். ஆங்கிலச் சொல் அங்கிருந்து வருகிறது. 'எம்ப்டி-ஹேண்டட்' நம் வெறுங்கையேதான். 'அப்பர் ஹேண்ட்' நம் கை ஓங்குவது. 'ரைட்-ஹேண்ட் மேன்' என்றால் முதலாளிக்கு வலது கை. இப்படி நாலைந்து பொருந்தி வந்ததும் எல்லாமே பொருந்தும் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. என் கடிதத்தில் நடந்ததும் அதுதான்.

ஆகவே அந்த நோட்டில் பொருந்தாதவற்றுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். சிவப்பு வட்டங்களைத்தான் மறுபடி மறுபடி படித்தேன்.

முதல் வட்டம் 'ஹேண்ட் டு மவுத்'. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் பழமொழி, கிடைக்க இருந்தது நழுவியதைப் பற்றியது. ஆங்கிலத்தில் கைக்கு வந்தது அப்படியே வாய்க்குப் போய்விடுகிறது, சேர்த்துவைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அன்றாடங்காய்ச்சி என்பதுதான் சரியான இணை.

அடுத்தது 'ஹேண்ட்ஸ் ஃபுல்'. ஒருவர் 'மை ஹேண்ட்ஸ் ஆர் ஃபுல்' என்றால் கை நிறையச் சம்பளம் வாங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் ஏற்கெனவே வேலை நிறைந்து கிடக்கிறது, இன்னொன்றை வைக்காதே என்கிறார். நம்மிடம் கை நிறைவது செழிப்பு, அவர்களிடம் அது சுமை.

'மை ஹேண்ட்ஸ் ஆர் டைட்' என்பதையும் அங்கேயே எழுதிவைத்தேன். கைகட்டி நிற்பது நமக்கு மரியாதை அல்லது அடக்கம். ஆங்கிலத்தில் கை கட்டப்பட்டிருக்கிறது என்பவர், உதவ மனமிருந்தும் விதி இடம் தரவில்லை என்கிறார். சுங்கத்துறைக் கடிதப் போக்குவரத்தில் இது அடிக்கடி வரும். அதைப் படித்தவுடன் மேலே இருப்பவரிடம் போகவேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும், அதே ஆளிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

'ஹேண்ட்ஸ் டவுன்' என்னை நெடுநாள் குழப்பியது. 'வின் ஹேண்ட்ஸ் டவுன்' என்கிறார்கள். கை தாழ்ந்தால் தோல்வியல்லவா நமக்கு? விடை குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. முடிவுக் கோட்டுக்கு வெகு முன்பே வெற்றி உறுதியாகிவிட்டால், குதிரையோட்டி கடிவாளத்தைத் தளர்த்திக் கைகளைக் கீழே இறக்கிவிடுவார். விரட்ட வேண்டிய தேவையில்லை. அதனால் அது சிரமமில்லாத வெற்றி. பினாங்கில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. இங்கே குதிரைப் பந்தய மன்றம் 1864-இலேயே தொடங்கிவிட்டது. பத்து கந்தோங் பக்கம் பந்தயத் திடலைக் கடந்து போகாத பினாங்குக்காரர் குறைவு.

குதிரை என்றதும் இன்னொன்று. ஒருமுறை ஒரு பந்தயக் குதிரையின் பத்திரம் என் மேசைக்கு வந்தது. உயரம் 15.2 'ஹேண்ட்ஸ்' என்றிருந்தது. குதிரையின் உயரத்தை, தலைவரைக்கும் போகாமல் தோள்மேடு வரைக்கும், ஆங்கிலம் பேசும் பல நாடுகளில் இன்றும் கையால்தான் அளக்கிறார்கள். ஒரு 'ஹேண்ட்' 4 அங்குலம். நான் 15.2-ஐ நாலால் பெருக்கி 60.8 அங்குலம் என்று குறித்தேன். தவறு. அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 15 கையும் அதற்குமேல் 2 அங்குலமும் என்று பொருள், ஆக 62 அங்குலம். 15.3-க்கு அடுத்தது 16 தான், 15.4 என்று ஒன்று கிடையாது. முழம், சாண், விரற்கடை என்று உடம்பாலேயே அளந்து பழகிய நமக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

'ஹேண்டிகேப்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சையெடுத்த மாற்றுத்திறனாளிகளிடமிருந்து அது வந்தது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையல்ல. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'ஹேண்ட் இன் கேப்' என்றொரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. இருவர் பொருளை மாற்றிக்கொள்வார்கள், விலை வித்தியாசத்தை நடுவர் சொல்வார், பந்தயப் பணம் தொப்பிக்குள் கிடக்கும். நடுவர் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் அந்த வழக்கம் குதிரைப் பந்தயத்துக்குப் போய், வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவதற்குப் பெயரானது. உடற்குறையைக் குறிக்க ஆரம்பித்ததெல்லாம் வெகு பிற்பாடு. இன்று மனிதரைக் குறித்து அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதைப் பலர் விரும்புவதில்லை. நானும் எழுதுவதில்லை.

நோட்டு பாதி நிறைந்தபோது ஒன்று புரிந்தது. 'ஹேண்ட்' என்ற சொல் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை, அதன் பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்தான் சொல்கிறது. இது நமக்குப் புதிதா என்ன? கையில் இருக்கிறது, கைக்கு வந்தது, கையால் செய்தது, கையை மீறியது, கையோடு முடித்தது. வேற்றுமை உருபு மாறும்போது பொருளே மாறுகிறது. 'கையோடு முடித்துவிடு' என்பதைப் பிறமொழிக்காரர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்திடம் நாம் செய்வதும் அதையேதான்.

என் அலுவலகத்தில் அதிகம் இடறிவிட்டது 'இன் ஹேண்ட்'. அரிசிக் கொள்கலன் ஒன்று துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் காலையிலிருந்து அதற்காகவே அலைந்துகொண்டிருந்தேன். முதலாளி வந்து 'இஸ் இட் இன் ஹேண்ட்?' என்றார். சரக்கு இன்னும் நம் கைக்கு வரவில்லையே என்று நினைத்து, 'நோ' என்றேன். அவர் உடனே அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். பணமோ சரக்கோ 'இன் ஹேண்ட்' என்றால் கையிருப்பு, அதில் சந்தேகமில்லை. ஒரு காரியம் 'இன் ஹேண்ட்' என்றால் அதை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். நான் 'யெஸ்' சொல்லியிருக்க வேண்டும்.

'அவுட் ஆஃப் ஹேண்ட்' அதன் நேர் எதிர்ச்சொல் என்று எழுதிவைத்தேன். பாதி உண்மை. கூட்டமோ செலவோ 'கெட்டிங் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால் கைமீறிப் போகிறது. ஆனால் ஒரு விண்ணப்பத்தை 'ரிஜெக்டட் அவுட் ஆஃப் ஹேண்ட்' என்றால், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் 'கெட்' இருக்கிறதா, மறுப்பதைச் சொல்லும் வினை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

'ஆன் ஹேண்ட்' ஒருவர் உதவத் தயாராகப் பக்கத்தில் இருப்பது. 'அட் ஹேண்ட்' பொருளோ நேரமோ நெருங்கி இருப்பது. உறைமேல் 'பை ஹேண்ட்' என்று எழுதியிருந்தால், கையால் செய்தது என்று அர்த்தமில்லை, தபாலில் போடாமல் ஆள் கொண்டுவந்து கொடுத்தது. 'ஆஃப்ஹேண்ட்' மட்டும் கவனம் தேவைப்படுவது. வாடிக்கையாளர் 'ஐ கான்ட் சே ஆஃப்ஹேண்ட்' என்றால், பார்க்காமல் சட்டென்று சொல்ல முடியவில்லை என்கிறார். ஒரு நாள் கழித்துக் கேட்கலாம். அதையே ஒருவருடைய நடத்தையைப் பற்றிச் சொன்னால், முகங்கொடுத்துப் பேசாத அலட்சியம்.

வினைகளில் மூன்று போதும். மேலதிகாரியிடமோ ஆசிரியரிடமோ ஒப்படைப்பது 'ஹேண்ட் இன்'. பொறுப்பையோ சாவியையோ முழுக்க விட்டுக்கொடுப்பது 'ஹேண்ட் ஓவர்'. பாட்டி தாலிக்கொடியை அம்மாவுக்கும் அம்மா மகளுக்கும் கொடுப்பது 'ஹேண்ட் டவுன்'. வேலையை விடும்போது 'ஹேண்ட் இன்' செய்வது ராஜினாமாக் கடிதம், 'ஹேண்ட் ஓவர்' செய்வது உங்கள் மேசை வேலை. பணியாளர் பிரிவுக்கு எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.

மனிதர்களையே 'ஹேண்ட்ஸ்' என்று எண்ணுவதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா பிறைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கப்பல் விபத்து ஒன்றைப் பற்றிய குறிப்பில் 'லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்' என்று படித்தேன். கைகளை எப்படி இழந்தார்கள் என்று முதலில் திகைத்தேன். கப்பலோடு அத்தனை ஊழியர்களும் மாண்டார்கள் என்று பிறகு தெரிந்தபோது வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'டெக்ஹேண்ட்', 'ஃபேக்டரி ஹேண்ட்', 'ஃபார்ம் ஹேண்ட்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. வேலை வாங்குகிறவருக்குத் தேவைப்பட்டது கை மட்டும்தான் என்பதால், ஆளுக்கே கை என்று பெயர் வந்துவிட்டது. ஆள் குறைந்தால் 'ஷார்ட்-ஹேண்டட்'. சுருக்கெழுத்தான 'ஷார்ட்ஹேண்ட்' வேறு, ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்தில் பொருள் போய்விடும். மலாயில் ஊழியர்களைக் 'காக்கி தாங்ஙான்', அதாவது காலும் கையும், என்கிறார்கள். அது அரசாங்கச் சுற்றறிக்கையிலேயே வரும் மரியாதையான சொல்தான். தமிழில் கையாள் என்றால் கொஞ்சம் இறக்கம் தொனிக்கும். நான் மொழிபெயர்க்கும்போது 'ஹேண்ட்ஸ்' வந்தால் தொழிலாளர்கள் என்றே எழுதுவேன். 'ஓல்ட் ஹேண்ட்' மட்டும் பாராட்டு. வயதானவர் என்று நினைத்து வருந்த வேண்டாம், அனுபவத்தில் கைதேர்ந்தவர் என்று பொருள்.

ஃபெர்ரியில் இறங்கி அலுவலகம் போகும் காலைகளில் சில நாள் சுற்றிக்கொண்டு, விக்டோரியா ராணியின் நினைவாகக் கட்டிய மணிக்கூண்டு வழியாக நடப்பேன். ராணி ஆண்ட 60 ஆண்டுக்கு 60 அடி உயரம் என்று கட்டியது. அதன் முள்ளைப் பார்க்கும்போது தோன்றும்: நமக்கு அது முள், மலாய்க்காரருக்கு 'ஜாரும்', ஊசி. ஆங்கிலேயருக்கு மட்டும் அது கை. வாழைப்பழத்திலும் அப்படித்தான். நாம் சீப்பு என்கிறோம், மலாயிலும் 'சிக்காட்', அதுவும் தலைவாரும் சீப்புதான். ஆங்கிலப் பத்திரத்தில் ஒரு சீப்பு ஒரு 'ஹேண்ட்', ஒரு பழம் ஒரு 'ஃபிங்கர்'. ஒரு பெட்டிக்கு இத்தனை 'ஹேண்ட்ஸ்' என்று கண்டால் பயப்படாமல் சீப்பை எண்ணுங்கள்.

அகராதி பார்க்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். சொல்லின் முதல் பொருளோடு நிறுத்துவதில்லை. கற்போருக்கான ஆங்கில அகராதிகளில் மரபுத்தொடர்கள் தனிப் பகுதியாக, பதிவின் கடைசியில் இருக்கும். அங்கே போகிறேன். பேச்சுவழக்கு, பழித்துச் சொல்வது என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படிக்காமல் எந்தத் தொடரையும் எடுத்தாள்வதில்லை. ஒரு மனிதரின் பிழைப்பு சம்பந்தப்பட்ட கடிதமென்றால், மரபுத்தொடர் பக்கமே போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்காவுக்கான இரண்டாவது கடிதத்தை அப்படித்தான் எழுதினேன். நாலு வருடம் இந்த அலுவலகத்தின் சாவி இவரிடம் இருந்தது. ரொக்கப்பெட்டி இருக்கும் அறையையும் இவர்தான் பூட்டுவார். ஒருநாளும் ஒரு வெள்ளி குறைந்ததில்லை. யாரும் கேட்காமலே மற்றவர் வேலையிலும் உதவுவார். காலை ஏழு மணிக்கு அலுவலகத்தைத் திறப்பார். இவ்வளவுதான், ஒன்பது வரி. முதலாளியிடம் நானே சத்தமாகப் படித்துக் காட்டி அவர் கையெழுத்தை வாங்கினேன்.

சாயங்காலம் பெங்காலான் வெல்டில், ஃபெர்ரிக்குக் காத்திருக்கும் இடத்தில் அக்காவைப் பார்த்தேன். முதல் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் தன் வயதையே குறைசொல்லிக்கொண்டிருப்பார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். பிறகு, "தெரிஞ்சா எழுதுவியாம்மா நீ? சரி, இதுல என்ன இருக்கு, படி" என்றார்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர் கடைசி வரியில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏழு இல்லம்மா. ஆறே முக்காலுக்கெல்லாம் தொறந்துருவேன். அத மாத்திடு."

மறுநாள் அதை மாற்றி, மறுபடியும் கையெழுத்து வாங்கினேன்.